வாக்கை நம்பிய வாழ்வு

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையை விட்டு விலகி, மல்லாட்டைக் கொல்லைகளுக்கும் நெல் வயல்களுக்கும் ஊடே உள்ளே சென்றால் எதிர்ப்படுகின்ற மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் தலைமைப் பீடமாகிய ஜினகாஞ்சி மடம் அமைந்த ஊர். காஞ்சி நகரை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் இருந்த பீடமே இங்குப் பெயர்ந்து வந்தது என்பர். பார்சுவநாதர் ஆலயத்தின் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, அதற்கு மிகவும் முற்பட்டதாகிய மலைநாதர் கோயிலுக்குள் புகுந்தால், பாறையின் முகத்திலேயே பாகுபலியும் பார்சுவநாதரும் மகாவீரரும், அவர்களோடு தருமதேவி அம்மனும் வடிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். தன்மேல் கொடி படர்ந்து ஏறுவதையும் பொருட்படுத்தாமல் நின்று தவமிருந்தவர் என்று பாகுபலியைப் பற்றிக் கூறுவார்கள். அந்தச் சலனமின்மையே அந்த மதத்தின் இலக்கணம் என்று சொன்னாலும் தவறில்லை.

கிறிஸ்தவர்கள் கடவுளின் வாக்குத்தத்தங்களை நம்புகிறார்கள் என்பதைப் பற்றி எழுத முற்பட்டவன் சமண மடத்தின் வாசலில் நிற்பானேன் என்று வாசகர் வினவலாம். காரணம் இருக்கிறது. சமண சித்தாந்தத்தின்படி தீர்த்தங்கரர் எவருக்கும் எதனையும் தருவதாக வாக்களிப்பதில்லை. விருப்பு வெறுப்பு இரண்டையும் வென்றவர் ஆதலால், வணங்குகிறவனைக் கண்டு மகிழ்ந்து வரம் ஈவதும், வணங்காதவனைச் சினந்து தண்டிப்பதும் அவரிடத்தில் இல்லை; வினையை விதைத்தவன் வினைப்பயனை அறுப்பான், தவத்தால் வினையை எரித்தவன் வீடு பெறுவான், இடையில் நின்று வாக்குக் கொடுப்பார் ஒருவரும் இல்லை என்பதே அவர்களது துணிபு. யட்சியாகிய தருமதேவியிடம் பிள்ளை வரமும் பிணி நீக்கமும் வேண்டிக்கொள்ளும் வழக்கம் மக்களிடையே உண்டு எனினும், அது சித்தாந்தத்தின் சிகரம் அன்று. இவ்வளவு தெளிந்த, இவ்வளவு கடுமையான ஒரு கொள்கையை மனத்தில் இருத்திக்கொண்டு பார்க்கும்போதுதான், கிறிஸ்தவ விசுவாசத்தின் தனித்தன்மை நமக்கு நன்கு புலப்படுகிறது. அங்கே கடவுள் பேசுகிறார். பேசுவதோடு நில்லாமல் வாக்குக் கொடுக்கிறார். கொடுத்த வாக்கினால் தம்மையே கட்டுப்படுத்திக்கொள்கிறார். மனிதன் செய்யவேண்டுவது அந்த வாக்கை நம்பி நடப்பது.

நம்பி நடப்பது என்று சொல்லிவிடுவது எளிது. வேதாகமத்தில் இதற்கு முதல் உதாரணமாக நிறுத்தப்படுபவர் ஆபிரகாம். எழுபத்தைந்து வயதில், பிள்ளை இல்லாத ஒரு கிழவர், பெரிய ஜாதியாக்குவேன் என்று சொன்ன குரலை நம்பி, ஆரானை விட்டுக் கானான் தேசத்துக்குப் புறப்படுகிறார். மகன் ஈசாக்குப் பிறக்கும்போது அவருக்கு வயது 100, சாராளுக்கு 90. நடுவில் கழிந்த இருபத்தைந்து ஆண்டுகளில் அவர் அஞ்சியிருக்கிறார், மனைவியைத் தங்கை என்று கூறித் தப்பித்திருக்கிறார், வாக்கு நிறைவேறத் தாமதிக்கிறதே என்று பணிப்பெண்ணாகிய ஆகார் மூலம் தாமாக ஒரு வழியைத் தேடிக் குடும்பத்தில் தீராத கலகத்தையும் விளைத்திருக்கிறார். ஆகவே விசுவாசிகளின் தகப்பன் என்று புகழப்படுகிற அந்த மனிதர் சந்தேகமே அறியாதவர் என்று எண்ண வேண்டுவதில்லை.

நமது நாட்டில் கடன் வாங்குகிறவன் எழுதிக் கொடுக்கும் புரோநோட்டைப் பற்றி யாவரும் அறிவோம். அந்தக் காகிதத்துக்கு மதிப்பு, அதில் ஒட்டிய ஸ்டாம்பினால் அன்று, கையொப்பமிட்டவனுடைய நாணயத்தினால் வருவது. கிறிஸ்தவன் வாக்குத்தத்தத்தை மதிப்பதும் இவ்வகையிலேயே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: புரோநோட்டில் தேதி இருக்கிறது, மூன்று ஆண்டுகள் கழிந்தால் அது காலாவதியாகிறது, ஆபிரகாம் பெற்ற வாக்கில் தேதி குறிக்கப்படவில்லை. அதற்குப் பதிலாக ஆதியாகமத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில் விசித்திரமான ஒரு சடங்கு வர்ணிக்கப்படுகிறது. இளங்கடாரியையும் வெள்ளாட்டையும் ஆட்டுக்கடாவையும் இரண்டாகப் பிளந்து, துண்டுகளை எதிரெதிரே வைக்கிறார் ஆபிரகாம்; பிணங்களின்மேல் இறங்கும் பறவைகளைத் துரத்திக்கொண்டு அந்திவரை காத்திருக்கிறார். அக்காலத்து வழக்கப்படி உடன்படிக்கை செய்பவர்கள் அந்தத் துண்டங்களின் நடுவே நடப்பார்கள். வாக்கை மீறினால் இந்த மிருகத்துக்கு நேர்ந்தது எனக்கு நேரட்டும் என்பது அதன் பொருள். ஆனால் இருள் சூழ்ந்தபோது, புகைகின்ற சூளையும் ஒளிவிடுகின்ற தீவட்டியும் போன்ற ஒரு தோற்றம் மட்டுமே அவ்வழியே கடந்து போயிற்று, ஆபிரகாம் நடக்கவில்லை. ஆணையிடும் பாரம் முழுவதும் ஒரு பக்கத்தின்மேலேயே விழுந்துவிட்டது. கிறிஸ்தவர்கள் கிருபை என்று வழங்குவதன் வேர் இந்த இரவில் இருக்கிறது என்று பண்டிதர்கள் உரைப்பதற்கு இதுவே காரணம்.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. தேசம் முழுவதும் உன் சந்ததிக்கு என்று வாக்குப் பெற்ற அம்மனிதர், தம் வாழ்நாளில் அந்தத் தேசத்தில் சொந்தமாக அடைந்த நிலம் எவ்வளவு? சாராளை அடக்கம் செய்வதற்காக, நானூறு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, ஏத்தின் புத்திரரிடம் விலைக்கு வாங்கிய மக்பேலா என்னும் ஒரு வயலும், அதிலிருந்த குகையுமே. பேரம் நடந்த விதம் கூட அச்சாகப் பதிவாகியிருக்கிறது. சும்மாவே எடுத்துக்கொள்ளும் என்று உபசாரமாகச் சொல்லிக்கொண்டே விற்பவன் விலையையும் காதில் போட்டுவிடுகிறான், நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் செய்வது போலவே. வாக்கு பெரிது, கைக்குக் கிட்டியது கல்லறை. இதைப் படித்தபின், வாக்குத்தத்தம் என்றால் உடனடியாகக் கிட்டும் சௌகரியம் என்று எவரும் பொருள்கொள்ள இயலாது.

ஆயினும் அப்படிப் பொருள்கொள்வோர் இருக்கத்தான் இருக்கிறார்கள். டிசம்பர் 31-ஆம் தேதி நள்ளிரவில் தமிழ்நாட்டின் எந்தச் சீர்திருத்தச் சபைக் கோயிலுக்குள்ளும் சென்று பாருங்கள். புதுச் சேலையும் புதுச் சட்டையுமாக ஜனம் நெருங்கி அமர்ந்திருக்கும். பன்னிரண்டு அடிக்கும்போது மணி முழங்கும். போதகர் அந்த ஆண்டுக்கான வாக்குத்தத்த வசனத்தை அறிவிப்பார். சில சபைகளில் தட்டு நிறைய அச்சிட்ட சிறு அட்டைகளைக் கவிழ்த்து வைத்து, ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளச் செய்வதும் உண்டு. அட்டையைப் புரட்டியவுடன், பெருகச் செய்வேன், உயர்த்துவேன், எல்லைகளை விரிவாக்குவேன் என்ற பொருளில் ஒரு வசனம் வந்துவிட்டால் முகம் மலர்கிறது. பொறுமையைப் பற்றியோ உபத்திரவத்தைப் பற்றியோ வந்தால், பக்கத்திலிருப்பவர் அட்டையை ஓரக்கண்ணால் பார்ப்பவர்களும் உண்டு. பின்னர் அந்த வசனம் காலண்டராகிச் சுவரில் தொங்கும். வீட்டு முகப்பிலும் ஆட்டோவின் கண்ணாடியிலும் ஏறும். இதைப் பரிகசிப்பது என் நோக்கமன்று. ஆண்டு முழுவதும் வட்டிக்கும் வைத்தியத்துக்கும் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்துக்கும் ஓடிக் களைக்கின்ற ஏழைக் குடும்பத்துக்கு, உன்னைக் கைவிடேன் என்னும் ஒரு சொல் சுவரில் இருப்பது அற்ப விஷயம் அன்று. ஆனால் எந்த மூலத்திலிருந்து அந்தச் சொல் வந்ததோ அந்த மூலத்தைத் திறந்து பார்ப்பவர் குறைவு என்பதே என் குறை.

அட்டைகளில் மிகுதியாக அச்சாகும் வசனங்களுள் ஒன்று எரேமியா தீர்க்கதரிசியின் இருபத்தொன்பதாம் அதிகாரத்துப் பதினோராவது வசனம். உங்களைக் குறித்து நான் கொண்டிருக்கும் எண்ணம் தீமைக்கானதன்று, சமாதானத்துக்கானதே என்று கடவுள் கூறுவதாக அமைந்தது. இது யாருக்கு எழுதப்பட்டது? பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து சிறைபிடித்துச் சென்ற ஜனங்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்னும் வேறொரு தீர்க்கதரிசி, இரண்டே ஆண்டுகளில் யாவரும் திரும்பிவிடுவார்கள் என்று கோயிலில் முழங்குகிறான்; கேட்டவர்களுக்கு எவ்வளவு இனித்திருக்கும் என்று சொல்லவேண்டுவதில்லை. எரேமியாவின் கடிதமோ, பதினோராவது வசனத்துக்கு முந்திய பத்தாவது வசனத்திலேயே, எழுபது ஆண்டுகள் ஆகும் என்று கூறிவிடுகிறது. அதாவது கடிதத்தைக் கையில் வாங்கியவர்களுள் பெரும்பாலோர் பாபிலோனிலேயே இறப்பார்கள். ஆதலால் வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பெண் கொடுத்துப் பெண் எடுங்கள், உங்களைச் சிறைவைத்த அந்த நகரத்தின் நலத்துக்காகவே உழைத்து வேண்டிக்கொள்ளுங்கள் என்று அவர் எழுதுகிறார். வாக்கை நம்புகிறவன் செய்யவேண்டிய காரியம் இன்னதென்று வேதாகமத்தில் இவ்வளவு விளக்கமாக வேறெங்கும் சொல்லப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. மூட்டையைக் கட்டிவைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருப்பதை அவர் விசுவாசமாகக் கொள்ளவில்லை. அந்நிய மண்ணில் மரம் நடுவதை விசுவாசமாகக் கொள்கிறார்.

வாக்குத்தத்தத்தை மேற்கோள் காட்டுவோர் எல்லாரும் அதை நம்புவோர் அல்லர் என்பதற்கு இயேசுவின் சரிதத்திலேயே சான்று உண்டு. தேவாலயத்தின் உச்சியில் அவரை நிறுத்தி, தேவதூதர்கள் உம்மைத் தாங்குவார்கள் என்று எழுதியிருக்கிறதே, குதியும் பார்க்கலாம் என்று தொண்ணூற்றொன்றாம் சங்கீதத்தை எடுத்துக் கூறியவன் சாத்தான். இயேசு குதிக்கவில்லை. வாக்கைக் கொடுத்தவரைப் பரீட்சை பார்ப்பது நம்பிக்கையாகாது என்பது அவருடைய விடை. அப்போஸ்தலனாகிய பவுல் தம் சரீரத்திலிருந்த முள் போன்ற ஒரு வேதனை நீங்கவேண்டுமென்று மூன்று முறை மன்றாடியும் அது நீங்கவில்லை. அதைத் தாங்கும் கிருபை போதும் என்ற மறுமொழியே கிடைத்தது.

இனி, திண்டிவனத்துக்கு வருவோம்.

மேல்சித்தாமூருக்கு அண்மையிலுள்ள இந்த ஊரில், ஆர்க்காட்டு மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஜான் ஸ்கட்டர் என்னும் அமெரிக்க வைத்தியர் ஊழியம் செய்துகொண்டிருந்தார். அவருடைய தந்தையின் பெயரும் ஜான் ஸ்கட்டரே; நியூயார்க் நகரில் நன்றாக நடந்துகொண்டிருந்த வைத்தியத் தொழிலை விட்டு 1819-இல் இலங்கைக்குக் கப்பலேறி, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பணிபுரிந்து, 1836-இல் சென்னைக்கு வந்தவர் அப்பெரியவர். அவருடைய புதல்வர்கள் 1853-இல் தோற்றுவித்ததே ஆர்க்காட்டு மிஷன். இப்படித் தலைமுறை தலைமுறையாக மிஷனெரிகளாகவே வாழ்ந்த குடும்பத்தில், திண்டிவனத்து ஸ்கட்டரின் மகளாக 1870 டிசம்பரில் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா என்னும் பெண், மிஷனெரியாக மட்டும் ஆகவே மாட்டேன் என்று உறுதி பூண்டிருந்தாள். அதற்கு அவளிடம் நியாயமும் இருந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின்போது, பசியால் கை தூக்கவும் மாட்டாத குழந்தைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளைப் பிய்த்து ஊட்டிய சிறுமி அவள். அந்தக் காட்சிகளிலிருந்து விலகி அமெரிக்காவில் படித்து, அங்கேயே சுகமாக வாழவேண்டும் என்பதே அவள் விருப்பம். தாயார் சோபியா நோயுற்றார் என்று தந்தி வந்ததனால்தான் 1890-இல் திண்டிவனம் வந்தாள். தாயார் தேறியதும் திரும்பிவிடுவதாக எண்ணம்.

அந்நாட்களில் ஓரிரவு, தன் அறையில் விளக்கின் அருகே அமர்ந்திருந்தபோது வெளியே காலடி ஓசை கேட்டது. வந்தவர் ஒரு பிராமண இளைஞர். சிறு வயதினளான தம் மனைவி பிரசவ வேதனையில் இருப்பதாகவும், மருத்துவச்சி கைவிட்டுவிட்டதாகவும், ஐடா வந்து காப்பாற்றவேண்டும் என்றும் வேண்டினார். எனக்கு ஒன்றும் தெரியாதே, என் தந்தை வைத்தியர், அவர் வருவார் என்றாள். அந்நிய ஆடவர் ஒருவர் தம் மனைவியின் முகத்தைப் பார்ப்பதைவிட அவள் இறப்பதே மேல் என்று சொல்லி அவர் திரும்பிப் போனார். சற்று நேரத்தில் இன்னொரு காலடி. இம்முறை ஒரு முஸ்லிம். அதே வேண்டுதல், அதே மறுப்பு. ஐடாவின் தந்தையும் உடன் நின்று கெஞ்சிப் பார்த்தும் பயனில்லை. மூன்றாவதாக மறுபடியும் ஒரு மேல்குல இந்து வந்தார். அவரும் அவ்வாறே சென்றார். உறங்காமல் கழிந்த அந்த இரவு விடிந்தபோது ஊருக்குள்ளிருந்து சாவுப் பறை கேட்டது. வேலையாளை அனுப்பி விசாரித்தாள். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் பிரார்த்தித்த பின்னர், தான் மருத்துவம் கற்று இத்தேசத்துப் பெண்களுக்காகத் திரும்பி வரப்போவதாகப் பெற்றோரிடம் தெரிவித்தாள் ஐடா. இந்தச் சம்பவத்தைக் கிறிஸ்தவர்கள் எத்தனையோ முறை பிரசங்கங்களில் எடுத்துரைத்திருக்கிறார்கள். உரைக்கும்போது பெரும்பாலும் அழைப்பு என்ற தலைப்பின்கீழ், கடவுள் ஒருத்தியைத் தெரிந்துகொண்ட அதிசயமாகவே உரைப்பார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் அந்த மூன்று பெண்களின் பக்கத்தில் நின்று பார்த்தால் கேள்வி வேறாகிவிடுகிறது. அவர்கள் வீடுகளிலும் அன்றிரவு பிரார்த்தனை நடந்திருக்கும், தெய்வங்களின் பெயர்கள் விளிக்கப்பட்டிருக்கும், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பெண்ணை மருத்துவராக்குவதற்காக மூன்று பெண்கள் சாகவேண்டுமா என்று கேட்பவனுக்கு, இது கடவுளின் திட்டம் என்று சுலபமாகப் பதிலிறுப்பது என் மனத்துக்கு ஒவ்வவில்லை. அப்படிப் பதிலிறுக்கும்படி வேதாகமமும் கட்டாயப்படுத்தவில்லை. அவர்களைக் கொன்றது பெண்ணை அந்நியர் பார்க்கலாகாது என்னும் கட்டுப்பாடும், பெண்களுக்கு மருத்துவம் கற்பிக்காத உலகமும். அந்த உலகம் அப்படியே இராது என்று நம்புவதற்கு ஆதாரம் வேண்டியிருந்தபோது, ஐடா தன் முன்னோர் நம்பிய வாக்கைத் தானும் பற்றிக்கொண்டாள். அவள் நம்பியது, இனி ஒருவரும் பிரசவத்தில் இறக்கமாட்டார்கள் என்பதை அன்று. தன்னை அனுப்புகிறவர் தன்னோடிருப்பார் என்பதை. மரணத்தையும் நோயையும் விலக்குவேன் என்று கூறாமல், உடனிருப்பேன் என்று கூறுகின்ற வாக்குகளே வேதாகமத்தில் மிகுதி என்பதை அதைத் தொடர்ந்து படிக்கிறவர்கள் அறிவார்கள்.

அதன் பிறகு நடந்தவற்றைத் தமிழ்நாடு அறியும். பிலடெல்பியாவிலும் பின்னர் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியிலும் பயின்று 1899-இல் பட்டம் பெற்றாள். புறப்படுவதற்கு முன்னர், ஷெல் என்னும் முதிய பாங்கி முதலாளி, இறந்துபோன தம் மனைவியின் நினைவாக மருத்துவமனை ஒன்று கட்டுவதற்கு 10,000 டாலர் கொடுத்தார். 1900-இல் இந்தியா வந்து சேர்ந்த சில மாதங்களிலேயே, யாரிடம் தொழில் பழகலாம் என்று நம்பி வந்தாளோ அந்தத் தந்தை காலமானார். அநுபவமில்லாத இளம் மருத்துவர் தனித்து நின்றார். முதலில் நோயாளிகள் வரவே தயங்கினார்கள். வேலூரில் அவர் தங்கியிருந்த பங்களாவின் ஒரு சிற்றறையே வைத்தியசாலையாக இருந்தது. 1902-இல் ஷெல் மருத்துவமனை எழுந்தது. 1909-இல் தாதியர் பயிற்சி தொடங்கிற்று. அதே காலத்தில், வேலூரிலிருந்து கிராமங்களுக்கு மோட்டாரில் சென்று, சாலையோரத்து மரநிழலில் நோயாளிகளைக் கண்டு மருந்து கொடுக்கும் வழக்கமும் ஏற்பட்டது. ஒரு மருத்துவர் எத்தனை வீடுகளின் கதவைத் தட்ட முடியும்? பெண்களையே மருத்துவர்களாக்க வேண்டும் என்று அவர் முனைந்தபோது, படிக்க வருவதற்கு மூன்று பெண்களாவது கிடைப்பார்களா என்று அதிகாரிகள் ஐயுற்றார்கள். 1918-இல் பள்ளி திறக்கப்பட்ட அவ்வாண்டு வந்த விண்ணப்பங்கள் 151.

அதே நூற்றாண்டின் தொடக்கத்தில், திருநெல்வேலிச் சீமையின் தோனாவூரில் வேறு வகையான ஒரு விசுவாசம் நடைபெற்றுக்கொண்டிருந்தது. அயர்லாந்தில் பிறந்த எமி கார்மைக்கேல் அம்மையார், கோயில்களுக்குப் பொட்டுக்கட்டிவிடப்படும் அபாயத்திலிருந்த சிறுமிகளை 1901 முதல் சேர்த்து வளர்த்தபோது, பணத்துக்காக மனிதர் எவரிடமும் கையேந்துவதில்லை, தேவையைக் கடவுளிடம் மட்டுமே தெரிவிப்பது என்று விரதம் பூண்டிருந்தார். ஸ்கட்டர் அம்மையாரோ அமெரிக்காவில் ஊர் ஊராய்ச் சென்று மேடையேறி நிதி கேட்டவர். வாக்குத்தத்தத்தை நம்புவது இவ்விரண்டில் எது என்று சிலர் விவாதிப்பதுண்டு. இரண்டுமே என்பது என் அபிப்பிராயம். எமி அம்மையார் 1931-இல் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்து, பின்னர் 1951-இல் காலமாகும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் படுக்கையறையை விட்டுப் பெரும்பாலும் வெளியேறாமலே வாழ்ந்தார். அவருக்காக வேண்டிக்கொண்ட குழந்தைகள் நூற்றுக்கணக்கானவர், சுகம் வரவில்லை. குழந்தைகளின் உணவுக்காகச் செய்த பிரார்த்தனை நாள்தோறும் கேட்கப்பட்ட அதே வீட்டில், தாயின் நோவுக்காகச் செய்த பிரார்த்தனை கேட்கப்படாமலே இருந்தது. அவ்வம்மையார் படுக்கையிலிருந்தே நூல்கள் பல எழுதினார். தமக்குச் செவிசாய்க்காதவர் என்று கடவுளை ஒருபோதும் குற்றம் சாட்டவில்லை.

நம்பிக்கை தளர்ந்து மனம் சோர்ந்து கிடக்கும் நிலையைப் பற்றி எழுதியவர்களுள் ஜான் பனியனுக்கு நிகராக ஒருவரைச் சொல்வது கடினம். சமய விரோதத்தின் காரணமாகப் பெட்ஃபோர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்தவர் அவர். 1678-இல் வெளிவந்த அவருடைய பரதேசியின் கதையில், வழி தவறிய இரு யாத்திரிகர்களை நிராசை என்னும் அரக்கன் பிடித்துச் சந்தேகக் கோட்டையின் இருட்டறையில் அடைக்கிறான். தற்கொலை செய்துகொள்ளும்படி புத்தியும் சொல்கிறான். நாட்கள் கழிந்தபின், தன் மார்பிலேயே வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் இருந்ததை ஒருவன் திடீரென நினைவுகூர்கிறான். உட்கதவுகள் எளிதில் திறந்துவிடுகின்றன, வெளி இரும்புக்கதவின் பூட்டு மட்டும் மிகவும் முரண்டு பிடித்துத் திறக்கிறது. சிறையிலிருந்தவன் எழுதியதாதலால் அந்தப் பூட்டின் முரண்டை மறவாமல் எழுதியிருக்கிறான் என்று நான் நினைப்பதுண்டு. இக்கதையைத் தழுவி, கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் 1827-இல் பிறந்து 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, இரட்சணிய யாத்திரிகம் என்னும் பெருங்காப்பியத்தை 1894-இல் வெளியிட்டார். கம்பனிலும் ஆழ்வார்களிலும் தோய்ந்த ஒருவர் கையில், ஆங்கிலத் தகரவேலைக்காரன் ஒருவனுடைய கதை விருத்தப்பாக்களின் கம்பீரத்தை அடைந்தது.

ஸ்கட்டர் அம்மையாருக்கும் அத்தகைய இரும்புக்கதவு ஒன்று காத்திருந்தது. 1930-களின் இறுதியில், மருத்துவக் கல்வி இனிப் பல்கலைக்கழகப் பட்டப் படிப்பாகவே இருக்கவேண்டும் என்று சென்னை அரசாங்கம் விதித்தபோது, வேலூர்ப் பள்ளி உயரவேண்டும், அல்லது மூடப்படவேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. உயர்வதற்குப் பேராசிரியர்களும் கட்டடங்களும் படுக்கைகளும் பெருந்தொகையும் தேவை. உலகமோ யுத்தத்தில் எரிந்துகொண்டிருந்தது. எழுபது வயதைக் கடந்த கிழவியாக 1941-இல் அவர் மறுபடியும் அமெரிக்கா சென்றார். ஆண் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டால் எல்லாச் சபைகளின் ஆதரவும் ஒருங்கே கிட்டும் என்று சிலர் யோசனை கூறினார்கள். அது பெண்களுக்கென்று எழுந்த கல்லூரி. பெண்கள் கொடுத்த பணத்தால் வளர்ந்தது. நீண்டகாலத் தோழியும் நிதி திரட்டுவதில் வலக்கரமுமாயிருந்த லூசி பீபாடி அம்மையார், அது பெண்களுக்குச் செய்யும் துரோகம் என்று கடுமையாக எதிர்த்தார். திண்டிவனத்து இரவில் தாம் பெற்ற பணி பெண்களுக்கானது என்பதில் ஐடாவுக்கும் ஐயமில்லை. ஆகவே அவர் உடனே இசைந்துவிடவில்லை. நெடுநாள் மனம் வருந்தித் தத்தளித்தார். முடிவில், கல்லூரி தமக்குச் சொந்தமானதன்று என்று கொண்டு, தோழியின் நட்பை இழக்கவும் துணிந்து இசைந்தார். 1942-இல் பட்டப் படிப்புத் தொடங்கியது. 1947-இல் ஆண் மாணவர்கள் உள்ளே வந்தார்கள். ஐடா பொறுப்புகளிலிருந்து ஓய்வு பெற்றுக் கோடைக்கானலில் குடியேறிய பின்னர், கல்லூரியின் முதல் இந்திய இயக்குநராக அமர்ந்தவர் ஒரு பெண்: விசாகப்பட்டினத்தில் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸ், பிரசவ வைத்தியத்தில் பெயர் பெற்றவர்.